மேஸ்திரி வருவதற்கு முன்னால் ஊர் போய் நிற்க வேண்டும்

எங்கள் பக்கம், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், செங்கல் சூளைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரிகள் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். நடவு முடிந்திருக்கும், வேறு கூலி வேலை கிடைக்காது, ஏரி நிறைந்துவிட்டால் நூறு நாள் வேலையும் நின்றுபோகும். ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கலாம் என்றால் குத்தகை எடுத்தவர் விடமாட்டார். ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடியிருப்பில் தார்ப்பாய் ஒழுகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த வாரம் பார்த்து ஒருவர் பைக்கில் வந்து நிற்பார். புது ஆள் கிடையாது, பக்கத்து ஊர்க்காரர், மாமா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடும் பழக்கம் உள்ளவர். கையில் பணம் இருக்கும். ஒரு ஜோடிக்கு, அதாவது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து, முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ எண்ணிக் கொடுத்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆள்கடத்தல் என்று சட்டம் சொல்வது எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் வாயைக் கட்டி வேனில் ஏற்றுவதில்லை. அவர்களே மூட்டை கட்டிக்கொண்டு, கோழியையும் நாயையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஏறுகிறார்கள்.

நான் இங்கே ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். இல்லம் தேடிக் கல்வி 2021-ல் தொடங்கியபோது சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும் சேர்ந்தேன். பொங்கல் லீவு முடிந்து திரும்ப வகுப்பு ஆரம்பித்தால் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை. "சூளைக்குப் போயிட்டாங்கக்கா" என்று மீதிப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொன்னார்கள், ஏதோ பாட்டி வீட்டுக்குப் போனது மாதிரி. நான் இந்த விஷயத்துக்குள் வந்தது அந்த வழியாகத்தான். அதற்குப் பிறகு பார்த்ததையும், எது உதவியது, எது உதவவில்லை என்பதையும் எழுதுகிறேன். வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் பயன்படும்.

முதலில் அந்த முன்பணம் எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் "கடன் வாங்கினா வேலை செஞ்சு கழிக்க வேண்டியதுதானே" என்று கேட்கிறார்கள். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மண் குழைத்து, விடிவதற்குள் கல் அறுக்க ஆரம்பித்து, வெயிலில் புரட்டிப்போட்டு அடுக்கி, குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் ஆயிரத்தைத் தாண்ட முடியும். பிள்ளைகள் அதில் கல் புரட்டுவார்கள், அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை செலவுக் காசு என்று சில நூறுகள் கொடுப்பார்கள், அதுவும் கணக்கில் ஏறும். மழையில் கரைந்த கல், உடைந்த கல், பிள்ளைக்கு ஊசி போட்ட காசு எல்லாம் ஏறும். நோட்டு மேஸ்திரியிடமோ ஓனரிடமோ இருக்கும். ஆனி, ஆடியில் கணக்கு முடிக்கும்போது, வாங்கியதில் இன்னும் இருபதாயிரம் பாக்கி என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அதை எப்படி மறுப்பார்? அந்தப் பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போகும். இல்லையென்றால் சூளை ஓய்ந்த மாதங்களில் சவுக்கு வெட்டவோ கரி சுடவோ அதே ஓனர் வேறு இடத்துக்கு அனுப்புவார்.

அடி, உதை இருந்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள், அதிகாரிகளில் சிலரும் கூட. 1976-ல் வந்த கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார், அதற்குப் பதிலாக குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்றாலோ, வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியவில்லை என்றாலோ, நினைத்த நேரத்தில் வெளியே போய்வர முடியவில்லை என்றாலோ, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் சொல்லிவிட்டது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் பணம் கொடுத்தவருக்குத்தான், வாங்கியவருக்கு இல்லை. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 15-வது பிரிவு. அலுவலகங்களில் அடிக்கடி தேவைப்படும்.

ஆளைச் சேர்த்துக் கூட்டிப்போன மேஸ்திரிக்கும் சட்டம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு ஆள்கடத்தல் பற்றியது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 370-ஆக இருந்தது. ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ சுரண்டுவதற்காக ஆள் சேர்ப்பது, ஏற்றிப்போவது, அடைத்து வைப்பது, ஒப்படைப்பது, வாங்கிக்கொள்வது எல்லாமே குற்றம். "அவங்க சம்மதிச்சுத்தான் வந்தாங்க" என்ற பேச்சு அங்கே எடுபடாது, சம்மதம் பொருட்டில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவரைக் கடத்தினாலும், அதில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தாலும் குறைந்தது 10 வருஷம்.

சரி, இதையெல்லாம் மக்களிடம் சொன்னால் போதுமா என்றால், போதாது. பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள். அன்றைக்கு உறுதிமொழி எடுப்பார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். பிப்ரவரி என்பது எல்லோரும் ஏற்கெனவே சூளைக்குப் போய் ஒரு மாதம் ஆன நேரம். ஒருமுறை ஐப்பசியிலேயே எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள், முன்பணம் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்து, "எல்லாம் சரிதான். என் வீட்டுக்காரர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கெடக்கிறாரு. ஸ்கேனுக்கும் போக வர வண்டிக்கும் எட்டாயிரம் வேணும், நாளைக்கே. நீங்க தர்றீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேச வந்தவர்களிடம் பதில் இல்லை. மேஸ்திரியிடம் பதில் இருந்தது, மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்துதான் விளங்கியது. எங்கள் ஊரில் யாரும் ஆசைப்பட்டு முன்பணம் வாங்கவில்லை. ஆஸ்பத்திரி, சாவு, பெண் பிள்ளைக்குச் சடங்கு, கூரை சரிந்தது, ஏதோ ஒரு வழக்கில் ஆளைப் பிடித்துப்போனதற்கு வக்கீல் செலவு, இவ்வளவுதான் காரணம். தேவைப்படுகிற தொகையும் பெரும்பாலும் பத்தாயிரத்துக்குள்தான், ஆனால் மேஸ்திரி பத்தாயிரம் கொடுப்பதில்லை, ஐம்பதாயிரமாகக் கொடுப்பார், மீதியும் கரையும், கடன் நிற்கும். அந்தப் பத்தாயிரத்தை அந்த ஒரு வாரத்தில் ஊர் கொடுத்துவிட்டால் அவருக்கு இங்கே வேலை இல்லை. விழிப்புணர்வு என்று எவ்வளவு பேசினாலும் அந்த வாரத்தில் கைகொடுக்கவில்லை என்றால் வீண்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் ஒரு அவசர நிதி ஆரம்பித்தோம். குழுப் பெண்கள் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், பள்ளித் தலைமையாசிரியர் கொஞ்சம், சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் கொஞ்சம், ஊராட்சித் தலைவர் ஒருமுறை நல்ல தொகை கொடுத்தார். குழுக்களின் கூட்டமைப்பில் நலிந்தவர்களுக்கென்று இருக்கிற நிதியிலிருந்தும் தீர்மானம் போட்டு வாங்கினோம். வட்டி கிடையாது. அதிகபட்சம் 10,000. வாரம் 100 ரூபாய் முடிந்தபோது கட்டலாம். ஒரே நாளில் முடிவு சொல்ல வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் பைக் வந்துவிடும். முடிவெடுக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் இருளர் குடியிருப்புப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்தோம். யாருக்கு உண்மையில் அவசரம் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியாது, கேட்கிறவருக்கும் கூச்சம் குறையும். ரேஷன் கார்டை ஈடாக வாங்கி வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, அதை அறவே கூடாது என்றோம். சிலர் திருப்பிக் கட்டவில்லை. கட்டாதவரை ஊர் முன்னால் நிறுத்தக் கூடாது என்பதும் விதிதான். அதையும் மீறி நிதி இன்றைக்கும் ஓடுகிறது.

நிதியை விட மெதுவாக நடந்தது, ஆனால் அதைவிடப் பெரியது, காகித வேலை. ரேஷன் கார்டு இல்லாதவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்காது. அந்த அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை இருக்கிறது. அப்படியென்றால் முன்பணம் வாங்க வைக்கிற பாதிக் காரணம் ஒரு அட்டையில் போய்விடும். சாதிச் சான்று இல்லாமல் பிள்ளைக்கு விடுதியில் இடம், உதவித்தொகை என்று எதைக் கேட்டாலும் இழுபறிதான். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய 6 பிரிவுகளில் இருளர்களும் உண்டு, அப்படியிருந்தும் பழங்குடிச் சான்றுக்காக வருஷக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எங்கள் ஏரிக்கரையிலேயே இருந்தன. தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவராகப் போனால் நாள் கூலியும் போகும், வேலையும் ஆகாது. ஒட்டுமொத்தமாகப் பட்டியல் போட்டு, உறவுக்காரர் யாராவது ஏற்கெனவே சான்று வாங்கியிருந்தால் அதன் நகலையும் வைத்து, கோட்டாட்சியரையே குடியிருப்புக்கு வந்து பார்க்கச் சொல்லி மனு கொடுத்தோம். வந்தார். பாதிப் பேருக்குக் கிடைத்தது. பழங்குடியினர் நல வாரியத்தில் பதிந்து வைத்தால் இறப்புக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியவந்தது, சாவுச் செலவுக்காகச் சூளைக்குப் போன குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லாரையும் தடுத்துவிட முடியாது, தடுக்கவும் கூடாது. நல்ல கூலிக்குப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள், பிழைக்கப் போவது குற்றமா என்ன? அதனால் போகிறவர்களுக்காக ஒரு நோட்டு வைத்தோம். யார், எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, கூட்டிப்போகிறவர் பெயர், பைக் நம்பர், எவ்வளவு வாங்கினார்கள், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி பேசினார்கள், எந்த ஊர். அந்தப் பக்கத்தை மேஸ்திரி முன்னாலேயே எழுதுவோம். எழுதுகிறோம் என்று தெரிந்ததும் இரண்டு மேஸ்திரிகள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். எந்த ஊர் என்ற இடத்தில் பல நேரம் "வாலாஜா தாண்டி" என்ற அளவுக்குத்தான் தெரியும், அதனால் போய்ச் சேர்ந்ததும் பார்க்க வேண்டியதைச் சொல்லி அனுப்புவோம். பஸ் நிறுத்தத்தின் பெயர், மோட்டார் ஷெட்டில் எழுதியிருக்கிற மின் இணைப்பு எண், எல்லாவற்றையும் விட செங்கல் அச்சில் இருக்கும் எழுத்து. ஒவ்வொரு சூளைக்கும் அச்சில் தனி எழுத்து உண்டு. அம்மா அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் நாலாவது படிக்கிற பிள்ளை அதைப் படித்துச் சொல்லிவிடும். போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்கள் என்பதால் ஒரு சாதாரண வாக்கியத்தையும் பேசி வைத்துக்கொள்வோம், "ஆடு குட்டி போட்டுச்சா" என்பது போல. அதைக் கேட்டால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். அது என்ன வாக்கியம் என்பதை ஒவ்வொரு வருஷமும் மாற்றுகிறோம்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகச் சொல்வதும் ஒரு பெரிய வேலை. பாட்டி வீட்டில் விட்டால் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? பக்கத்தில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருந்தால் ஐப்பசியிலேயே பேசி வைக்க வேண்டும், தைக்குப் பிறகு கேட்டால் நடுவில் சேர்க்க மாட்டோம் என்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் தொடர்ந்து ஒரு வாரம் வராத பிள்ளையின் பெயரை எங்களுக்கும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் சொல்லிவிடுவார். அந்தக் குழு எல்லா ஊராட்சியிலும் இருக்க வேண்டியது, பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் யார் யார் உறுப்பினர் என்று போய்க் கேளுங்கள், கேட்டாலே பாதி உயிர் வந்துவிடும்.

இனி ஒரு குடும்பத்தை மீட்ட கதை. ஊர், பெயர், மாவட்டம் எதுவும் எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. புருஷன், பெண்டாட்டி, ஒன்பது வயதுப் பையன். இரண்டு வருஷமாகச் சூளையில் இருந்தார்கள், சூளை ஓய்ந்தால் மரம் வெட்டு. ஊரில் இருந்த அவருடைய அம்மா இறந்துபோனார். சாவுக்கு அவரை மட்டும் அனுப்பினார்கள், மனைவியும் பையனும் அங்கேயே. கூட ஒரு ஆள் வந்து, சடங்கு முடியும் வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பெத்த தாய் சாவுக்கு ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொருவரை அனுப்புகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சுடுகாட்டில் இருக்கும்போதுதான் அவர் குடியிருப்புப் பெரியவரிடம் சொன்னார், பெரியவர் எங்களிடம் சொன்னார். பையன் போன வருஷமே போனில் செங்கல் எழுத்தைச் சொல்லியிருந்தான், நோட்டில் இருந்தது.

அவரை ஊரிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஊர் இளைஞர்கள் குதித்தார்கள், டீக்கடை ஆளை அடிக்கலாம் என்றும் பேச்சு வந்தது. வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினோம். அவர் திரும்பவில்லை என்றால் அங்கே இருக்கிற இரண்டு பேரையும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவரும் அதையே சொன்னார், அமைதியாகத் திரும்பிப் போனார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமையாக இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, அந்த மாவட்டத்து ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும்தான் விடுவிக்கிற அதிகாரம், போலீஸ் நிலையத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. மனுவில் கதை எழுதாதீர்கள். யார், எத்தனை பேர், எங்கே, எப்போதிலிருந்து, யார் கூட்டிப்போனார், எவ்வளவு முன்பணம், என்ன கூலி, எதற்கெல்லாம் வெளியே விடவில்லை, கடைசியாக எப்போது பேசினோம், பிள்ளை இருக்கிறதா. ஒரே பக்கம். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழங்குடியினர் என்றால் அதையும் எழுதுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தோம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் இலவசச் சட்ட உதவி எப்படி வாங்குவது என்று சொல்வார்கள்.

ஒரு அலுவலகத்தில், "இது அட்வான்ஸ் தகராறும்மா, ஓனரைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம், மிச்சத்தைக் கட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இது ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு, நல்லது செய்வதாக நினைத்துக்கூடச் சொல்வார்கள். இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி ரத்தான கடன். ரத்தான கடனை வசூலிப்பதே 3 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். நீங்கள் பாக்கியைக் கட்டிக் கூட்டிவந்தால், அது கடன்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. விடுதலைச் சான்று கிடைக்காது, நிவாரணம் கிடைக்காது, அந்த ஓனர் அதே பணத்தில் அடுத்த குடும்பத்தைப் பிடிப்பார். எங்களோடு வந்த வக்கீல் 15-வது பிரிவை எடுத்துக் காட்டி, விசாரித்துவிட்டு இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை, அதனால் விசாரணைக்குப் போனார்கள்.

விசாரணையைச் சூளையிலேயே ஓனர் முன்னால் வைத்துக் கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். அலுவலகத்துக்குக் கூட்டிவந்து தனியாகக் கேட்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதியிருந்தோம். அப்படியும் அந்தப் பெண் முதலில் வாயே திறக்கவில்லை. ஒரு பெண் அதிகாரி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பையன் எந்த வகுப்பு என்று ஆரம்பித்துப் பேசிய பிறகுதான் பேசினார். பக்கத்துக் கொட்டகையில் இன்னொரு குடும்பமும் இருப்பதை அவர்தான் சொன்னார். அவர்களைத் தேடி யாரும் மனு கொடுத்திருக்கவில்லை. அன்றைக்கு அவர்களும் வெளியே வந்தார்கள்.

விடுதலைச் சான்று கைக்கு வராமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள். நேரமாகிவிட்டது, நாளைக்கு அனுப்புகிறோம் என்பார்கள். அந்தக் காகிதம்தான் கடன் ரத்தானதற்கு ஆதாரம், அதை வைத்துத்தான் நிவாரணம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 2022 ஜனவரி முதல் 30,000 ரூபாய் வரை, இதற்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். அந்தப் பெரிய தொகை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருப்பதால் வருஷக்கணக்கில் நிற்கிறது. இது மாற வேண்டிய விதி என்று நான் நினைக்கிறேன், சாட்சி சொல்லத் துணிந்தவரை நீதிமன்றம் முடிக்கிற வரைக்கும் காக்க வைப்பது நியாயமில்லை.

திரும்பி வந்த முதல் மாதம்தான் ஆபத்தான மாதம். கூரை இல்லை, பாத்திரம் இல்லை, அரிசி இல்லை, ஊரில் வேலையும் இல்லை, மேஸ்திரி மட்டும் போன் செய்துகொண்டே இருப்பார். வழக்கை வாபஸ் வாங்கு என்று ஒருநாள் மிரட்டுவார், இன்னொரு நாள் புதிதாக 20,000 தருகிறேன் என்பார். மீட்டுக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனால் பலர் திரும்ப அங்கேயே போகிறார்கள். ஊர் உதவி என்று ஒன்று இருந்தால் அது அந்த மாதத்தில்தான் தெரிய வேண்டும். எங்கள் பெண்கள் அரிசி, பாய், பாத்திரம் சேர்த்தார்கள், தலைமையாசிரியர் பையனை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார், நூறு நாள் வேலை அட்டையை அந்த வாரமே போட்டு வாங்கினோம். மேஸ்திரி மிரட்டிய போன் பேச்சைப் பதிவு செய்து புகாரோடு சேர்த்தோம். அந்த மேஸ்திரியே ஒரு காலத்தில் கல் அறுத்தவர், ஆள் பிடித்துக் கொடுத்தால் தன் கடன் கழியும் என்று இதில் இறங்கியவர் என்பது அப்புறம் தெரிந்தது. அது அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது, ஆனால் பணம் போட்ட ஓனரை விட்டுவிட்டு அவரை மட்டும் உள்ளே வைத்தால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் பக்கம் மரம் வெட்டுமிடத்தில் இருந்து கொத்தடிமைகளை மீட்டபோது ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து உருகினார்கள். உருகினால் மட்டும் போதாது. சூளைகளில் இருந்து விடுதலையானவர்கள் கல் அறுக்கத் தெரிந்தவர்கள், அந்தத் தொழில் அவர்கள் கையில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாக உதவியோடு, விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்களே 'சிறகு' என்ற பெயரில் செங்கல் சூளை நடத்த ஆரம்பித்தார்கள். அந்த மாதிரி ஒரு சூளை எங்கள் வட்டத்தில் வந்தால் என் நோட்டுக்குத் தேவை பாதி குறையும்.

நம் ஊர் ஆட்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் இதே முன்பணத்தில் இருக்கிறார்கள். 2011-ல் சென்னைக்கு வெளியே ஒரு சூளையில் இருந்து மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களைத் தேடி இங்கே எந்தப் பாட்டியும் வரமாட்டாள், மொழியும் தெரியாது. அங்கே போய்வருகிற நம் கிராம சுகாதாரச் செவிலியர், மளிகைக் கடைக்காரர், லாரி ஓட்டுநர், இவர்கள் கண்ணில்தான் படும். சந்தைக்கு எப்போதும் காவல் ஆளோடு வருகிறார்களா, பிள்ளைகள் பகலில் கல் அடுக்குகிறார்களா, ஆஸ்பத்திரிக்கு வந்தவர் சூளை ஆள் முன்னால் பேச மறுக்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளை இருந்தால் 1098, பெண்கள் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. உங்கள் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அதிகாரி வருவதற்குள் கொட்டகை காலியாகிவிடும்.

இப்போது கொஞ்சம் படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை விரிக்கிறார்கள், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிற கும்பல்களிடம் தமிழ்நாட்டுப் பையன்கள் மாட்டினார்கள். 2022 அக்டோபரில் ஒரு குழு சென்னை வந்து சேர்ந்தது, 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

மீட்டுவந்த அந்தக் குடும்பம் இப்போது ஊரில்தான் இருக்கிறது. அவர் ஏரி வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறார், அவர் மனைவி எங்கள் குழுவில் சேர்ந்துவிட்டார், அவசர நிதி முடிவெடுக்கிற மூன்று பேரில் இப்போது அவரும் ஒருவர். வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவருக்கும் ஒருநாள் கூலி போகிறது, பஸ் செலவு, சாப்பாடு, கூட ஒரு ஆள் துணை. வழக்குக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று அவர் நடுவில் கேட்டார், காரணம் பயம் இல்லை, அந்தச் செலவுதான். அதனால் வாய்தா நாள் கூலியை நிதியில் இருந்து திருப்பிக் கட்டத் தேவையில்லாத தொகையாகக் கொடுப்பது என்று போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம், அந்த இன்னொரு குடும்பத்துக்கும் சேர்த்து.